கிணற்றடியும் பள்ளிக்கூடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு இல்லை. மலையும் இல்லை, மலையினின்று இறங்கிவரும் அருவியும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கின்ற மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்துள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்துகொண்டிருக்கின்றது. அந்தப் படையை நோக்கித்தான் நம் முன்னோர் கல்லைப் பிளந்து கிணறு வெட்டினார்கள். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் அந்த ஒரே நீர்தான். ஆதலால் இந்நாட்டுப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றிப் பேசப் புகுகின்றவர் கிணற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கிணற்றைப் பற்றிப் பேசப் புகுந்தால், அது யாருடைய கிணறு என்று கேளாமல் இருக்கவும் முடியாது.

மாரி தொடங்கும் காலத்தில் பாடசாலைகளிலிருந்து பெற்றோருக்கு ஓர் அறிவித்தல் போவது வழக்கம். பிள்ளைக்குக் கொதித்தாறிய நீரைக் கொடுத்தனுப்ப வேண்டும்; நகத்தை வெட்டிவிட வேண்டும்; காலணி அணிவிக்க வேண்டும்; காய்ச்சலோ வயிற்றோட்டமோ சின்னமுத்தோ கண்டால் பள்ளிக்கு அனுப்பாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆசிரியர்களான வாசகர்களிற் பலர் இதனைத் தம் கையாலேயே எழுதியிருப்பார்கள். இதிலே பிழையான வாக்கியம் ஒன்றேனும் இல்லை. விஞ்ஞானம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் இவை. ஆனால் இந்த அறிவித்தல், அதனைப் பெறுகின்ற வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கிணறும் ஒரு கட்டு விறகும் ஒரு சோடி செருப்பும் உள்ளன என்று எண்ணிக்கொண்டே எழுதப்படுகின்றது. அந்த எண்ணத்துக்கு நூற்றெழுபது ஆண்டு வயது உண்டு. அதன் வரலாற்றையே இங்கு நாம் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இறங்கினர். அவர்களுள் வைத்தியராக வந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே நோயாளரைப் பார்த்தார். எனினும் மருத்துவத்தைத் தமிழிலே நிலைநாட்ட முயன்ற பெருமை 1847 இல் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாருக்கே உரியது. மதமாற்ற நோக்கத்தோடு வந்தவர் அவர். அதை மறைக்கவும் இல்லை. ஆயினும் அவர் செய்த வேலையை அந்த நோக்கத்தைக் கொண்டு மட்டும் அளந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த மாணவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட, கிராமங்கள் முன்போலவே கிடந்ததைக் கண்ட அவர், பிற்காலத்தில் தமிழிலேயே போதிக்கத் துணிந்தார். தம் மாணவரையும் துணைக்கொண்டு உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் முதலிய துறைகளில் நூல் நூலாக மொழிபெயர்த்து அச்சிட்டார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியர் ஆனார்கள். தாய்மொழியில் விஞ்ஞானம் முடியுமா என்று இன்றும் ஐயுறுகின்ற கனவான்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களை நாம் மானிப்பாய்க்குப் போய் வரும்படி கேட்டுக்கொள்ளுவோம்.

கிறீன் முதன்முதலில் தமிழாக்கிய பெருநூல் எது என்பது நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. கல்வின் கட்டர் என்ற அமெரிக்கர் தம் நாட்டுக் கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதிய உடல்நூலே அது. 1850களில் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற நீண்ட பெயரோடு அது வெளிவந்தது. அங்காதிபாதம் என்றால் உடலுறுப்புகளின் அமைப்பு. சுகரணம் என்றால் அவற்றின் தொழிற்பாடு. உற்பாலனம் என்றால் இன்று நாம் சுகாதாரம் என்று வழங்குவது. இந்த உற்பாலனம் என்னும் சொல் ஏனோ நிலைக்கவில்லை. நமக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. சுகாதாரம் என்ற சொல்லைக் கேட்டால் இப்பொழுது மக்களுக்குக் காரியாலயமே நினைவுக்கு வருகின்றது. எது எவ்வாறாயினும், வீட்டாரும் மாணாக்கரும் உடலைப் பேணும் முறையைத் தமிழில் கற்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் அச்சேறியது. பாடசாலை அறிவித்தலின் மூதாதை என்று இந்நூலைச் சொல்லலாம்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை ஆட்டிவைத்த கொடிய நோய் வாந்திபேதி. 1840களிலும் 1850களிலும், மீண்டும் 1866, 1867 ஆம் ஆண்டுகளிலும் அது ஊர் ஊராகப் புகுந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அதன் கிருமி எது என்று அன்று எவரும் அறியார். 1854 இல் இலண்டன் நகரத்தில் ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர், நோய் கண்ட வீடுகளைப் படத்தில் குறித்துக்கொண்டு போய், அவை ஒரே நீர்க்குழாயைச் சுற்றியிருப்பதைக் கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றுவித்தார். கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானியர் தேடிப் பிடித்தது 1880களிலே. ஆனால் நோய் நீரோடு வருகின்றது என்பதற்கு ஸ்நோவின் படமே போதுமான சாட்சியாயிருந்தது. இலண்டனிலே கைப்பிடியைக் கழற்றியதும் ஒரு தெரு முழுவதற்கும் அந்த நீர் நின்றது. யாழ்ப்பாணத்தில் அப்படிக் கழற்றுவதற்குப் பொதுவான பிடி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு. அல்லது கிணறே இல்லை.

கிறீனின் காலத்துக்கு முன்பே மிஷனரிமார் இதைக் கண்டிருந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823 இல் தொடங்கிய செமினரியின் ஆரம்ப நாட்களில், அங்கு தங்கிப் படித்த உயர்சாதிப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ண மறுத்தார்கள். சமையற்கூடத்தை அயலிலுள்ள சைவர் ஒருவரின் காணியில் அமைத்துக் கொடுத்த பின்னரே அவர்கள் உண்டார்கள். வான சாத்திரமும் கணிதமும் ஆங்கிலமும் கற்பதற்கு மிஷன் கட்டடம் தீட்டில்லை, சோற்றுக்குத் தீட்டு! இதனை நாம் ஏளனத்துக்காகச் சொல்லவில்லை. கல்வியும் உடம்பும் இரண்டு வேறு சட்டங்களின் கீழ் இருந்தன என்பதற்காகவே சொல்லுகின்றோம். மிஷன் அந்தச் சட்டத்தோடு சமரசம் செய்துகொண்டது. பின்பு நூறு ஆண்டு அந்தச் சமரசத்திலேயே வாழ்ந்தது.

மறுபக்கத்தில் ஆறுமுக நாவலர் நின்றார். கிறீன் மானிப்பாய்க்கு வந்த அதே 1848 இல் அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1870களின் பிற்பகுதியில் பஞ்சமும் நோயும் ஒருங்கே வந்தபோது அவர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்ததும், அரசாங்கத்தின் பாராமுகத்தை அஞ்சாது கண்டித்ததும் வரலாறு. பசித்த வயிற்றுக்குச் சுத்தத்தைப் போதித்துப் பயனில்லை என்பதை அவர் செயலால் காட்டினார். ஆனால் சாதி வரம்பை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுத்தவரல்லர். அவரைப் போற்றுகின்றவர்கள் இதை மறைப்பதும், பழிக்கின்றவர்கள் கஞ்சித்தொட்டியை மறைப்பதும் நமக்கு உடன்பாடில்லை.

இனிக் கிணற்றடிக்கு வருவோம்.

குடாநாட்டின் நிலம் பெரும்பாலும் வெள்ளாளர் கையிலிருந்தது. நிலம் யாருடையதோ கிணறும் அவருடையது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் குடியிருந்த நிலம் பிறருடையது; குடித்த நீரும் பிறருடையது. குடத்தைக் கிணற்றுக்கு எட்ட வைத்துவிட்டு, உரியவர் யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை அவர்கள் வெயிலில் காத்து நிற்க வேண்டும். துலாக்கயிற்றைத் தொடலாகாது, பட்டையைத் தொடலாகாது. ஊற்றுகின்றவருக்கு வேலை இருந்தால் காத்திருப்பு நீளும். கோபம் இருந்தால் குடம் வெறுங்குடமாகத் திரும்பும். இப்படி வந்த ஒரு குடம் நீரில் எது குடிப்பதற்கு, எது சமைப்பதற்கு, எது பிள்ளையின் கையைக் கழுவுவதற்கு? அங்கே சிரங்கு வராமலிருந்தால் அல்லவா அதிசயம்!

தண்ணீரோடு நின்றுவிடவில்லை. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த தடைகளை ஆராய்ச்சியாளர்கள் வரிசைப்படுத்தியிருக்கின்றார்கள். ஆடவர் மேற்சட்டை அணியலாகாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது. குடை பிடிக்கலாகாது. காலில் செருப்பு அணியலாகாது. தேநீர்க்கடையின் உள்ளே இருக்கலாகாது. முடிவெட்டும் கடைக்கும் சலவைக் கடைக்கும் போகலாகாது. ஆசிரிய வாசகர்கள் இப்பட்டியலைச் சுகாதாரப் பாடப்புத்தகத்தின் பக்கத்திலே வைத்துப் பார்க்க வேண்டும். கொழுக்கிப் புழு வெறுங்காலின் வழியே உடம்பில் ஏறுகின்றது, ஆதலால் செருப்பு அணிக என்று புத்தகம் சொல்லும். செருப்பணிந்தால் அடிவிழும் என்று ஊர் சொல்லும். மழையில் நனையாதே என்று புத்தகம். குடையை மடக்கு என்று ஊர். தலைமயிரை வெட்டித் துப்புரவாக வா என்று புத்தகம். உனக்கு இங்கே கத்தி எடுக்கமாட்டோம் என்று ஊர். நோய் தடுக்கும் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றைச் செய்யலாகாது என்று ஒரு கூட்டத்துக்கு மட்டும் சட்டம் போட்டதுபோல் இருக்கின்றது இது. பிறகு அதே கூட்டத்தைப் பார்த்து ‘அழுக்கர்கள்’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டதும் நம் சமுதாயமே.

பள்ளிக்கூடத்துக்குள் அப்பிள்ளைகள் எவ்வாறு இருந்தார்கள்? வாங்கில் இருக்க இடமில்லை. நிலத்திலோ திண்ணையிலோ இருக்க வேண்டும். தாகம் எடுத்தால் கையைக் குவித்து நிற்க, வேறொருவர் ஊற்ற வேண்டும். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில், தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறிற்று. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. விடுதிகளில் சமபந்தி போசனம் வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டைகள் நடந்தன. 1929, 1930 ஆம் ஆண்டுகளில், உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் சகல பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, எதிர்ப்பு நெருப்பாகவே வந்தது. சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. வாங்கிலே பக்கத்தில் ஒரு பிள்ளை இருப்பதைப் பொறுக்காமல் கூரைக்கே தீ வைத்தார்கள்!

பாடசாலைப் பிள்ளையின் உடம்பு அரசின் பொறுப்பு என்ற கொள்கை நமக்கு இங்கிலாந்து வழியாக வந்தது. அங்கேயும் அது கருணையால் பிறந்ததன்று. தென்னாபிரிக்கப் போருக்கு ஆள் சேர்த்தபோது தொழிலாளர் வீட்டு இளைஞரிற் பெருந்தொகையினர் படைக்குத் தகுதியற்ற மெலிந்த உடம்பினராயிருப்பதைக் கண்டு சாம்ராச்சியம் திடுக்கிட்டது. 1906 இல் பள்ளி உணவுச் சட்டமும் 1907 இல் மாணவர் வைத்திய பரிசோதனையும் வந்தன. இலங்கையில் 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. நோயைத் தேடி வைத்தியரும் மருத்துவ மாதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீட்டுக்கும் பள்ளிக்கும் போகின்ற முறை அதிலிருந்து நாடெங்கும் பரந்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், பள்ளியும் ஆசுபத்திரியும் கேட்கின்ற மக்களின் குரலுக்கு ஒரு வலு ஏற்பட்டது. (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது என்பது வேறு கதை.)

தெற்கிலே 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்றார்கள். கொயினா மருந்தோடு அவர்கள் உணவையும் கொண்டுபோனார்கள், என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மகாத்தயா’ என்று அழைத்தது அதனாலேதான். நுளம்பு எல்லாரையும் கடித்தது. செத்தவர்களோ பெரும்பாலும் பட்டினி கிடந்தவர்கள் என்பதை டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா போன்றவர்கள் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார்கள். இலங்கை இடதுசாரி இயக்கம் தன் முதற் பாடத்தைப் படித்தது அந்த நோய்ப்படுக்கைகளின் அருகில் என்று சொன்னால் அது மிகையாகாது.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதற்குமுன் கட்டணம் என்ற கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய சிரங்கும் பேனும் குடற்புழுவும் பசியும் வந்தன. சில பெற்றோர் இதனைக் கண்டு தம் பிள்ளைகளை வேறிடம் அனுப்பினார்கள். ஆனால் உண்மையில் நடந்தது என்ன? அதுவரை எந்த வைத்தியரின் கண்ணிலும் படாதிருந்த நோய்கள் முதன்முறையாக ஒரு வைத்தியரின் கண்ணுக்கு முன் வரிசையாக வந்து நின்றன. பள்ளி மதிய உணவின் பொருளும் இதுவே. சென்னையில் காமராசர் 1956 இல் மாநிலமெங்கும் மதிய உணவைப் பரப்பியது நம் வாசகர் நன்கறிந்தது. இலங்கையில் அது அரசாங்க சபைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதை வெட்டியது 1953 ஆம் ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். இருபத்தைந்து சதத்துக்கு விற்ற பங்கீட்டரிசியை எழுபது சதமாக்கியபோது, அதே கையினாலேயே பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடு எழுந்தது. அந்த ஹர்த்தாலைப் பற்றிப் பேசுகின்றவர்கள் அரிசியை மறப்பதில்லை. பள்ளிப் பிள்ளையின் உணவைப் பலர் மறந்துவிடுகின்றார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்கா இரண்டு மாதங்களுக்குள் பதவி துறந்தார்.

பின்பு பணிசும் பாலும் வந்தன. பால்மா அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்தப் பாலைக் குடிக்கலாமா, அதனுள்ளே ஏகாதிபத்தியம் கரைந்திருக்கின்றதா என்று எம் நண்பர்கள் இரவிரவாக வாதாடியதுண்டு. பிள்ளைகள் வாதாடவில்லை, குடித்தார்கள். எமது நினைவில் நிற்பது அந்தப் பாலன்று. நாம் படித்த பள்ளியில், சுகாதாரப் பரிசோதனை நாளன்று ஒரு மாணவன் விரலிடுக்கிலே சிரங்கு கண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். கையில் ஒரு துண்டு. அதில் நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் குளிப்பாட்டி, உடுப்பை அவித்துத் தோய்க்கும்படி தாய்க்கு எழுதியிருந்தது. தாய்க்கு வாசிக்கத் தெரியாது என்பதை நாம் அறிவோம். அவர்கள் நீர் அள்ளுகின்ற கிணற்றுக்காரருக்கும் அவர்களுக்கும் அப்பொழுது பேச்சில்லை என்பதையும் வகுப்பில் எல்லாரும் அறிவோம். அந்தத் துண்டை எழுதியவர் நல்லவர். சிரங்குக்கு அவர் எழுதிய வைத்தியமும் சரி. அவன் அந்தத் தவணை முழுவதும் வரவில்லை.

சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957 இல் நிறைவேறிற்று. பருத்தித்துறையின் கம்யூனிஸ்டு உறுப்பினராயிருந்த பொன். கந்தையாவும் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினரும் அதற்கு உழைத்தார்கள். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் அவர்களிலிருந்தே ஆசிரியர்களும் வேண்டும் என்று போராடினார்கள். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றது. ஆனால் தாளில் எழுதிய சட்டம் கிணற்றுக்கட்டில் ஏற மறுத்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும், அதன்பின் சங்காணையிலும் கரவெட்டியிலும் பிறவிடங்களிலும் தேநீர்க்கடைகளுக்கும் கோயில்களுக்கும் நடந்த போராட்டங்களும் அதை ஏற்றுவதற்கான முயற்சிகளே. உயிர்கள் போயின. கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டது தற்செயலன்று.

நோய்த்தடுப்பின் வெற்றியை இங்கே குறைத்துக் கூறலாகாது. அம்மைப்பால் குத்துதல் இலங்கைக்கு 1802 இலேயே வந்துவிட்டது. குக்கல், தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, இளம்பிள்ளைவாதம் என்பன 1960களிலிருந்து தடுப்பு மருந்தால் பின்வாங்கின. ஊசிக்குக் கிணறு தேவையில்லை. அதனால்தான் அது எல்லா வீட்டையும் எட்டிற்று என்று நாம் கருதுகின்றோம். நம் தாய்மாரின் வழக்கங்களையும் ஒரேயடியாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. கொப்புளிப்பானையும் சின்னமுத்தையும் ‘அம்மாள் வருத்தம்’ என்று சொல்லி, படலையில் வேப்பிலை செருகி, தண்ணீர் வார்க்கும்வரை பிறர் வராமலும் பிள்ளை போகாமலும் காத்தார்கள். பெயர் அம்மாளுடையதாயினும் வேலை தொற்றுத் தடுப்பே. மாறாக, வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வாயைக் காயவிட்ட வழக்கம் எத்தனையோ குழந்தைகளைக் கொன்றது. இரண்டையும் பிரித்தறிந்து மக்களுக்கு அவர்களுடைய பேச்சிலேயே எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

அப்படி ஒருவர் கிடைத்தார். முற்போக்கு எழுத்தாளராக ‘நந்தி’ என்ற பெயரில் நாம் அறிந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராயிருந்த சி. சிவஞானசுந்தரம். மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ நாவலில் எழுதிய அதே பேனா, ‘அருமைத் தங்கைக்கு’ என்று இளந்தாய்மாருக்கான நூலையும் எழுதிற்று. அதன் தலைப்பிலேயே ஓர் உறவு இருக்கின்றது. கட்டளையிடுகின்ற அதிகாரியின் குரலைவிட, தமையனின் குரல் அடுப்படி வரை போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். கிறீன் தமிழில் தொடங்கிய வேலையை, தமிழை அடுப்படித் தமிழாக்கி நந்தி தொடர்ந்தார். அவர் 2005 இல் மறைந்தார். சிறுகதையும் நாவலும் எழுதியதால் அவரை நினைக்கின்ற இலக்கியக் கூட்டங்கள் இந்த நூலையும் இலக்கியமாகக் கணக்கிடக் கூடாதா?

போர்க்காலத்தை நாம் விரித்து எழுதப்போவதில்லை. அதை வாழ்ந்தவர்களே இதை வாசிக்கின்றார்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து எல்லாம் அரிதாயின. போத்தல் விளக்கின் புகையிலே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதிற்று. மலேரியா மீண்டும் குடாநாட்டில் தலைதூக்கிற்று. 1995 செப்ரெம்பர் 22 ஆம் நாள் நாகர்கோவில் பாடசாலைமேல் குண்டு விழுந்து மாணவர்கள் மடிந்தார்கள். அடுத்த மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தெருவில் நடந்தார்கள். சொந்தக் கிணறு உடையவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அன்றொரு நாள் அழிந்துபோயிற்று. தென்மராட்சியின் பள்ளிக்கூடங்களில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அத்தகைய ஆண்டுகளிலும் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியை நிறுத்தியதுண்டு. இலங்கையில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1993 இல்.

போர் முடிந்தது. கிணறு முடியவில்லை. 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எச்சரித்து வந்த ஒன்று இப்பொழுது நம் முன் நிற்கின்றது: செறிவாகப் பயிர் செய்கின்ற தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடுகின்ற உரம் சுண்ணாம்புக் கல்லின் வழியே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்திருக்கின்றது. மலக்குழியின் கசிவும் அதே வெடிப்புகளின் வழியே போகின்றது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் ஆவியாகப் போகப் போக அதன் செறிவு கூடும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தையும் அதன் சுற்றூர்களையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோதும் அப்படித்தான். அங்கிருந்த மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. பவுசர் வண்டிகள் தண்ணீர் கொண்டுவந்தன. 2019 ஏப்ரிலில் உச்சநீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி மின்னுற்பத்தி செய்த கம்பனிக்குக் கட்டளையிட்டது. எந்தத் தாய் எத்தனை நாழிகை அடுப்பெரித்தாலும் எண்ணெயைக் கொதிக்க வைத்து நீராக்க முடியாது. பாடசாலை அறிவித்தலின் முதல் வாக்கியமே அந்தக் கிராமங்களில் பொருளற்றுப் போயிற்று.

2022 இல் நாடு முறிந்தபோது அதன் மறுபுறத்தைக் கண்டோம். முந்திய ஆண்டு 1,493 ரூபாவாயிருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுக் கொள்கலன் அந்த ஏப்ரிலில் 4,860 ரூபாவாயிற்று. அதற்கும் விடியற்காலையிலிருந்து வரிசை. விறகு வெட்டப் பனங்கூடல் இல்லாத நகரத்துக் குடும்பம் சோறு வேகவைத்த அடுப்பில் இன்னொரு பானை நீரையும் கொதிக்க வைப்பதா என்று யோசித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 கார்த்திகை வெள்ளத்தின் பின்னர், வடமராட்சியிலும் பிறவிடங்களிலும் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தார்கள். வெள்ளத்தில் இறங்காதீர்கள் என்று பள்ளிகளில் அறிவித்தார்கள். வயலில் கூலிக்கு இறங்குகின்ற தந்தைக்கு அந்த அறிவித்தலை வாசித்துக் காட்டிய பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது முற்காப்பு மாத்திரையும், இறங்காத நாளுக்குக் கூலியும். மாத்திரை கொடுக்கப்பட்டது.

இப்பொழுது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, குழாய்கள் குடாநாட்டின் வீதியோரங்களில் போகின்றன. ஆறில்லாத நாட்டுக்குக் கடலே ஆறாகின்றது என்று மகிழலாம், நாமும் மகிழ்கின்றோம். வீதியிலிருந்து வளவுக்குள் குழாய் திரும்புவதற்கு இணைப்புக் கட்டணமும், பின்பு மாதந்தோறும் ஒரு கட்டணமும் உண்டு. காணி உறுதி இல்லாத குடியிருப்புகளில் இணைப்பு யார் பெயரில் எழுதப்படும் என்ற கேள்வியும் உண்டு. அதுவரை அங்குள்ள பிள்ளைகள் விடியலில் எழுந்து, பொதுக் கிணற்றிலோ அயலார் கிணற்றிலோ நாலைந்து குடம் அள்ளி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் புறப்படுகின்றார்கள். மணி அடித்தபின் படலையடியில் வந்து நிற்கின்ற அவர்களுடைய பெயருக்கு நேரே நாம் இடாப்பில் ‘பிந்தி வந்தவர்’ என்று குறிக்கின்றோம்.